வண்டி எங்கே நிற்கும்?

அம்மாவின் மகளிர் குழுவுக்காக வேன் பேசப் போயிருந்தேன். சோழவரத்தில் ஜி.என்.டி. சாலையை ஒட்டிய ஒரு டிராவல்ஸ். பதினேழு பெண்கள், மூன்று நாள், சிதம்பரம், வைத்தீஸ்வரன்கோயில், வேளாங்கண்ணி. குழுவில் எல்லாச் சாமியும் உண்டு. டிராவல்ஸ்காரர் ஊர்களைக் குறித்துக்கொண்டு, பணம் பற்றிப் பேசும் முன்பே கேட்டார்: "கூட ஜென்ட்ஸ் யாரு வர்றாங்க மேடம்?"

யாரும் வரவில்லை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், அட்வான்ஸ் என்று பேச்சு வழக்கமான பாதைக்குத் திரும்பியது. எழுந்து வரும்போது ஒரு சந்தேகம் கேட்டேன். பாத்ரூமோடு வருகிற வண்டி, கேரவன் மாதிரி, வாடகைக்குக் கிடைக்குமா?

அவர் சிரித்துவிட்டார். "அது ஷூட்டிங்குக்குப் போற வண்டி மேடம்."

நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அறுபது வயதைத் தாண்டிய என் பெரியம்மா இந்தப் பயணத்துக்கு வர மறுத்திருந்தார். குழு தொடங்கிய நாளிலிருந்து ஒரு பயணத்தையும் விடாதவர். சர்க்கரை. நீரை அடக்க முடியவில்லை. "நான் வந்தா உங்களுக்குத்தான் கஷ்டம் கண்ணு. வண்டிய நிறுத்து நிறுத்துன்னு சொல்லிக்கினே வரணும். டிரைவர் மூஞ்சியப் பாக்கணும். நீங்க போய்ட்டு வாங்க, எனக்கும் சேத்து வேண்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டார்.

டிராவல்ஸ்காரரின் சிரிப்போடு வீட்டுக்கு வந்து, நான் பார்த்த சாலைப் பயணப் படங்களை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். இந்தப் படங்கள் எல்லாம் வண்டி ஓடுவதைப் பற்றிப் பேசுகின்றன. ஸ்டியரிங் யார் கையில், எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்பதை வைத்தே விடுதலையை அளக்கின்றன. ஆனால் ஒரு பெண் பயணம் போகலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது வண்டி ஓடும் தூரம் இல்லை, அது நிற்கும் இடம். எங்கே நிற்கும், யார் சொன்னால் நிற்கும், நின்ற இடத்தில் என்ன இருக்கும்?

வண்டிகள் பற்றிப் பேச எங்கள் ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் மிஞ்சிக் கிடந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில்தான் பல பத்தாண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்து பந்தயம் அங்கே போய்விட்டது. அப்பா இன்றும் சோழவரம் ரேஸ் கதைகளைச் சொல்வார். எந்தக் கார் எந்த வளைவில் உருண்டது என்பது வரை அவருக்கு நினைவிருக்கிறது. அம்மாவுக்கும் ரேஸ் நினைவு உண்டு. அவருடைய நினைவில் இருப்பது சத்தம் மட்டும். அடுப்படியில் இருந்தபடி கேட்ட சத்தம்.

இன்று இதே சாலையில் விடியற்காலையில் நின்றால், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போகும் கம்பெனி பஸ்களையும் வேன்களையும் பார்க்கலாம். ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கும் இளம்பெண்கள். பெண்களை இரவில் வேலைக்கு வைக்கத் தடை விதித்திருந்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் செல்லாது என்றது. அதோடு நிர்வாகங்களுக்குச் சில நிபந்தனைகளும் விதித்தது. போக்குவரத்து வசதி அவற்றில் ஒன்று. அந்த வண்டி இல்லாமல் அந்த வேலை இல்லை. ஆனால் அது வீட்டு வாசலுக்கும் கம்பெனி வாசலுக்கும் நடுவில் மட்டுமே ஓடும் வண்டி. நடுவில் இறங்க வேண்டும் என்று அதில் இருப்பவர்கள் யாரும் சொல்ல முடியாது. ஊரில் பெண்கள் ஏறும் வண்டிகளுக்குக் குறைவில்லை. பெண் சொன்னால் நிற்கும் வண்டிதான் குறைவு.

இனி படங்களுக்கு வருகிறேன்.

தமிழில் வாடகை வண்டிப் பயணத்தைக் கதையாக்கிய வெற்றிப் படம் லிங்குசாமியின் 'பையா' (2010). நாயகனை டாக்ஸி டிரைவர் என்று நினைத்து நாயகி வண்டி கேட்கிறாள். தனக்குப் பிடிக்காத திருமணத்திலிருந்து தப்பி ஓடும் பெண் அவள். எங்கே போக வேண்டும் என்று சொல்பவள் அவள், ஓட்டுபவன் அவன். வாடகை உறவில் ஒரு நல்ல விஷயம் உண்டு: காசு கொடுப்பவர் சொல்லும் இடத்துக்கு வண்டி போக வேண்டும், இறங்கியதும் கணக்கு முடிந்தது. படத்துக்கு அந்த உறவு போதவில்லை. அவன் உண்மையில் டிரைவர் இல்லை என்பதும், அவளுக்காகவே ஓட்டுகிறான் என்பதும் நமக்கு முதலிலேயே தெரியும், அவளுக்குத் தெரியாது. தான் வாடகை பேசிய வண்டி என்று அவள் நம்பியது இன்னொருவருடைய காதல் கதை. பயணத்தின் உண்மையான நிபந்தனை பயணிக்கே மறைக்கப்பட்டிருக்கிறது. இதைக் காதல் என்று நாம் பாட்டோடு ரசித்தோம், நானும்தான்.

பிரம்மா இயக்கிய 'மகளிர் மட்டும்' (2017) இதற்கு நேர் எதிர்த்திசையில் வந்த படம். பள்ளி விடுதியில் பிரிந்த மூன்று தோழிகள் நடுவயதில் மீண்டும் சந்திக்கிறார்கள். ஒருத்தி சென்னையில், ஒருத்தி ஐதராபாத்தில், ஒருத்தி ஆக்ராவில். ஊர்வசி, சரண்யா, பானுப்பிரியா மூவரையும் வீட்டிலிருந்து கிளப்பி அழைத்துப் போகிறாள் புல்லட் ஓட்டும் ஆவணப்பட இயக்குநர் பிரபா, ஜோதிகா. ஊர்வசியின் மகனை மணக்கப்போகிறவள் அவள். மாமியாராகப் போகிறவரை மருமகளாகப் போகிறவள் ஊர்சுற்ற அழைத்துப் போகிறாள் என்பதே தமிழ்க் குடும்பத்தின் பழைய கணக்கை மாற்றுகிறது. இந்தப் படத்தை நான் நேசிக்கிறேன். அம்மாவின் குழுவோடு சேர்ந்துதான் பார்த்தேன்.

படத்தின் பலம் வீடுகளில் இருக்கிறது. குடிக்கும் கணவன், படுக்கையில் கிடக்கும் மாமியார், மனைவியைக் கண்டுகொள்ளாத ஆண்கள். இந்த வீடுகளிலிருந்து ஒரு பெண் மூன்று நாள் வெளியே போவது எவ்வளவு பெரிய காரியம் என்பதைப் படம் நன்றாகவே அறிந்திருக்கிறது. ஆனால் வாசலைத் தாண்டியதும் கஷ்டம் முடிந்துவிட்டது என்று படம் நம்புகிறது. அதன் பிறகு சாலை என்பது அழகான நிலக்காட்சி, பாட்டு, காற்றில் பறக்கும் துப்பட்டா. வீட்டை விமர்சிக்கத் தெரிந்த கேமராவுக்குச் சாலையை விமர்சிக்கத் தெரியவில்லை. அந்த வயதுப் பெண்களின் உடல்கள், முட்டிவலி, மாதவிடாய் நிற்கும் காலத்து உதிரப்போக்கு, அடக்க முடியாத சிறுநீர் ஆகியவை பயணத்தின் கதையாக ஆகவே இல்லை. தியேட்டரில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டிச் சிரித்த பெரியம்மா இன்று வேனில் ஏற மறுக்கும் காரணத்துக்கு அந்தப் படத்தில் பதில் இல்லை.

கழிவு பற்றி வெளிப்படையாகப் பேசிய சாலைப் படம் இந்தியில் வந்தது. ஜூஹி சதுர்வேதி எழுதி ஷூஜித் சர்க்கார் இயக்கிய 'பிக்கு' (2015). மலச்சிக்கலே வாழ்க்கையின் மையமாகிவிட்ட எழுபது வயது அப்பா பாஸ்கோரை, மகள் பிக்கு தில்லியிலிருந்து கொல்கத்தாவுக்குக் காரில் அழைத்துப் போகிறாள். டாக்ஸி நிறுவனத்தின் டிரைவர்கள் யாரும் அவளோடு போகத் தயாராக இல்லாததால் முதலாளியே ஓட்டிக்கொண்டு வருகிறார். காரின் கூரையில் அப்பாவின் கழிப்பறை நாற்காலி கட்டப்பட்டிருக்கிறது.

அந்த நாற்காலிதான் நம் சினிமா கண்ட முதல் கேரவன் என்று எனக்குத் தோன்றுகிறது. கழிப்பறையைத் தன்னோடு எடுத்துச் செல்லும் வண்டி. அது யாருக்காகக் கட்டப்பட்டிருக்கிறது? வீட்டின் மூத்த ஆணுக்காக. அவர் வயிறு என்ன சொல்கிறதோ அதன்படி வண்டி நிற்கிறது, ஓடுகிறது, சண்டை நடக்கிறது, சமாதானம் ஆகிறது. எழுதியவர் பெண் என்பதால் அந்தச் சேவையின் களைப்பும் எரிச்சலும் அன்பும் ஒவ்வொரு வசனத்திலும் இருக்கின்றன. பிக்கு ஒரு கட்டடக் கலைஞர், தன் சம்பாத்தியம் உள்ளவள், யாருக்கும் பணியாதவள். அவளும்கூட அப்பாவின் உடலுக்கான மேலாளராகவே சாலையில் இருக்கிறாள். அப்பாவின் உடலுக்கு ஒரு நாற்காலி உண்டு. மகளின் உடல் என்ன செய்தது என்ற கேள்வியைக் கதை தன் மையத்துக்குக் கொண்டுவரவில்லை. ஆணின் கழிவு நகைச்சுவையாகவும் தத்துவமாகவும் ஆக முடிகிறது. பெண்ணின் கழிவு இன்னும் ரகசியம்தான்.

இப்போது நிஜக் கேரவனுக்கு வருவோம். டிராவல்ஸ்காரர் சொன்னது சரி, தமிழில் அந்தச் சொல்லுக்கு சினிமா வண்டி என்றுதான் பொருள். ஏ.சி., மேக்கப் கண்ணாடி, படுக்கை, கழிப்பறை. அதுவும் வாடகை வண்டிதான். அது வருவதற்கு முன்பு வெளிப்புறப் படப்பிடிப்புகளில் மரத்தடியிலும், சுற்றிப் பிடித்த புடவைகளுக்கு நடுவிலும், அக்கம்பக்கத்து வீடுகளிலும் உடை மாற்றியதை மூத்த நடிகைகள் பலர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். ஆக, கேரவன் என்பது ஆடம்பரமாகப் பேசப்பட்டாலும் அடிப்படையில் ஒரு வேலையிட உரிமை. நாயகி கேரவனை விட்டு இறங்குவதில்லை என்று கிண்டலடிக்கும் நகைச்சுவைகள் இந்த வரலாற்றை மறைக்கின்றன.

அந்த உரிமை யாருக்குக் கிடைத்தது என்பதை ஹேமா குழு அறிக்கை காட்டியது. 2017 பிப்ரவரியில் ஒரு நடிகை, ஓடும் காருக்குள் தாக்கப்பட்டார். திருச்சூரிலிருந்து கொச்சிக்கு வேலைக்காகப் பயணம் செய்துகொண்டிருந்தபோது நடந்தது. அதன் பிறகு மலையாள சினிமாப் பெண்கள் ஒன்று திரண்டார்கள், கேரள அரசு நீதிபதி ஹேமா, நடிகை சாரதா, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி கே.பி. வல்சலகுமாரி ஆகியோரைக் கொண்ட குழுவை அமைத்தது. 2019 இறுதியில் கொடுக்கப்பட்ட அறிக்கை, 2024 ஆகஸ்டில்தான் சில பகுதிகள் நீக்கப்பட்டு வெளிவந்தது. பாலியல் சுரண்டல் பற்றிய பகுதிகள்தான் தலைப்புச் செய்தியாயின. ஆனால் அதே அறிக்கையில் கழிப்பறையும் இருக்கிறது. படப்பிடிப்பிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள், அதனால் சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்று அது பதிவு செய்தது. கேரவன் வாசலில் நிற்கிறது, துணை நடிகைக்கு அதன் கதவு திறக்காது.

கதவு திறந்தவர்களுக்கும் அது பாதுகாப்பு இல்லை. அறிக்கை வந்த அதே மாதத்தில் நடிகை ராதிகா சரத்குமார் ஒரு விஷயத்தைச் சொன்னார். கேரளத்தில் ஒரு படப்பிடிப்பில், கேரவனில் ரகசியக் கேமரா வைத்து நடிகைகள் உடை மாற்றுவதைப் பதிவு செய்த காட்சிகளை ஆண்கள் கூட்டமாக உட்கார்ந்து போனில் பார்த்ததைத் தான் கண்டதாகச் சொன்னார். மறைவுக்காக வாடகைக்கு எடுத்த வண்டியே திரையாகிவிட்டது. நான்கு சுவரும் ஒரு தாழ்ப்பாளும் இருந்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். அந்தச் சுவர்கள் யாருடையவை, சாவி யாரிடம் என்பதும் கேட்கப்பட வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டில் இதே வண்டி வேறு பொருளில் ஓடுகிறது. குடும்பங்கள் விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கும் வீடு போன்ற வண்டி. க்ளோயி ஜாவோ இயக்கிய 'நோமேட்லேண்ட்' (2020), அந்த விடுமுறைக் கனவின் பின்பக்கத்தைப் பார்த்த படம். சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பெற்ற இரண்டாவது பெண் ஜாவோ. ஜெசிகா புரூடர் 2017-இல் வெளியிட்ட களஆய்வு நூலை அடிப்படையாகக் கொண்டது படம். நெவாடா மாநிலத்தில் எம்பயர் என்ற ஊர், ஜிப்சம் ஆலை மூடப்பட்டதும் ஊரே இல்லாமல் போனது. கணவனை இழந்த ஃபெர்ன், ஒரு வேனில் வாழத் தொடங்குகிறாள். பண்டிகைக் காலத்தில் அமேசான் கிடங்கில் பெட்டி கட்டுகிறாள், சர்க்கரை பீட் அறுவடைக்குப் போகிறாள், முகாம்களில் துப்புரவு செய்கிறாள்.

இந்தப் படத்தில் வண்டி நிற்பதுதான் கதை. இரவில் யாரோ வேன் கதவைத் தட்டி இங்கே நிறுத்தக் கூடாது என்று விரட்டும்போது ஃபெர்ன் பதறுகிற பதற்றம் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த பதற்றம். கழிப்பறைக்குப் பதில் வாளி. எந்த அளவு வாளி யாருக்கு வசதி என்று வயதான பெண் ஒருத்தி மற்றவர்களுக்குப் பாடமே எடுக்கிறாள். ஃபெர்ன் வயிற்றுப்போக்கில் அந்த வாளியோடு அவதிப்படுவதைக் கேமரா தயங்காமல் காட்டுகிறது. இன்னொரு காட்சியில் ஃபெர்னும் தோழிகளும் பெரிய சொகுசு வண்டி ஒன்றுக்குள் ஏறிச் சுற்றிப் பார்க்கிறார்கள். குழந்தைகளைப் போல உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கித் தங்கள் வாளிக்குத் திரும்புகிறார்கள். ஒரே சாலையில் இரண்டு கேரவன். ஒன்று விடுமுறைக்கு, ஒன்று வீடே இல்லாததால்.

ஆனாலும் எனக்கு இந்தப் படத்தோடு ஒரு சண்டை உண்டு. வாழ்நாள் முழுக்க வீட்டில் கூலியில்லாமலும் வெளியே குறைந்த கூலிக்கும் உழைத்த பெண்களுக்கு முதுமையில் ஓய்வூதியம் போதவில்லை என்பது புரூடரின் நூலில் கோபமாக இருக்கிறது. படத்தில் அந்தக் கோபம் அந்தி வானத்தின் நிறங்களில் கரைந்துவிடுகிறது. கிடங்கு வேலை கிட்டத்தட்ட நட்பான இடமாகத் தெரிகிறது. செங்குன்றத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் எழும்பியிருக்கும் கிடங்குகளைத் தினமும் பார்ப்பவள் நான். அங்கே எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வரும் பெண்ணின் காலைப் பார்த்தவர்கள் கிடங்கை அப்படி எடுக்க மாட்டார்கள்.

இந்தியாவிலும் கேரவன் சுற்றுலா வந்துவிட்டது. கேரளம் 2021-இல் 'கேரவன் கேரளா' என்ற பெயரில் அதற்கென்று ஒரு கொள்கையையே அறிவித்தது. படுக்கை, சமையல் மேடை, கழிப்பறையோடு வண்டிகள், அவை தங்குவதற்குப் பூங்காக்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. முடிந்தால் அம்மாவின் குழுவையே அதில் ஏற்றுவேன். ஆனால் பொதுச் சாலையில் பொதுக் கழிப்பறை இல்லை என்ற குறைக்கு, காசு இருப்பவர்கள் கழிப்பறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்பதே பதிலாகிவிடும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. குடிநீரில் இது நடந்தது. குழாயில் நல்ல தண்ணீர் வராததற்குப் பதிலாகக் கேன் வந்தது, குழாயைப் பற்றிய சண்டை நின்றுபோனது. சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரி உள்ள சோழவரத்திலேயே நாங்கள் கேன் வாங்குகிறோம்.

பிறகு நான் மறுபடி டிராவல்ஸ்காரரிடம் போனேன். இந்த முறை அம்மாவும் வந்தார். வேன் பேசும்போது நாம் எல்லாவற்றையும் பேசுகிறோம், ஏ.சி. உண்டா, சீட் சாயுமா, பாட்டுப் பெட்டி உண்டா. எங்கே நிற்கும் என்று பேசுவதில்லை. அது டிரைவரின் உரிமை என்று விட்டுவிடுகிறோம். அவருக்குச் சாப்பாடு இலவசமாகக் கிடைக்கும் மோட்டலில்தான் பெரும்பாலும் வண்டி நிற்கும். கழிப்பறை வாசலில் காசு வாங்க ஒருவர் உட்கார்ந்திருப்பார். உள்ளே தாழ்ப்பாள் இருக்காது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்த பதினேழு பேரும் வரிசையில் நிற்கும்போது ஹாரன் அடிக்கும்.

நாங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டி நிற்க வேண்டும். இடையில் யார் கேட்டாலும் நிற்க வேண்டும். பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறை இருக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களே வைத்திருக்கும் விதி, பூட்டியிருந்தால் சாவி கேட்டு வாங்க வேண்டியது டிரைவரின் வேலை. இதற்காக நேரம் கூடினால் பேட்டா கூடும், அதற்குக் குழு சம்மதிக்கிறது. டிராவல்ஸ்காரர் படித்துவிட்டு, "இதெல்லாம் யாரும் கேட்டதில்ல மேடம்" என்றார். அம்மா சொன்னார்: "கேக்காம வுட்டதுனாலதாம்பா எங்க அக்கா வூட்லயே கெடக்குது."

அந்தத் தாளின் நகலைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். 'யார் கேட்டாலும் நிற்க வேண்டும்' என்ற வரியில் விரலை வைத்து, "இதுக்கு அந்தாளு கையெழுத்துப் போட்டாரா?" என்று கேட்டார்.

போட்டிருக்கிறார் என்றேன். இன்னும் அவர் வருவதாகச் சொல்லவில்லை. பதினெட்டாவது சீட்டுக்கும் சேர்த்து அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம்.